சுவர் இதழைக் கழற்றலாமா? மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் பள்ளி ஒரு மாதிரி. மதுரை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நடக்கக்கூடியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து, ஆய்வுக்காக அமைத்தது. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

மேலூர் வட்டாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, இருபாலர், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை. மாதம் ஒரு சுவர் இதழ் வருகிறது. நான்கு சார்ட் தாளில் கையால் எழுதி, ஹெச்.எம். அறைக்கு வெளியே உள்ள கண்ணாடிப் பலகையில் மாட்டுவார்கள். ஆசிரியர் குழு பிளஸ் ஒன் மாணவர்கள் நான்கு பேர். பொறுப்பாசிரியர் ஒரு தமிழாசிரியை.

ஜூலை இதழின் முதல் தாளில் பெண்கள் கழிப்பறை பற்றிய செய்தி. மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வருவதில்லை, ஆறு அறைகளில் நான்கு பூட்டியே கிடக்கின்றன, அதனால் மாணவிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் தாளில் ஒரு கேலிப்படம்: பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு போகும் ஒரு சார். வரைந்தது எட்டாம் வகுப்பு மாணவன். மூன்றாம் தாளில் பாராட்டுச் செய்தி. பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துத் தன் திருமணத்தைத் தானே நிறுத்தினார் என்று வகுப்பு, பிரிவு, ஊர்ப் பெயருடன் எழுதியிருந்தார்கள். நான்காம் தாள் கவிதைகள். பிளஸ் டூ மாணவர்கள் சிலர் தங்கள் சமுதாயத் தலைவரின் குருபூஜைக்கு வாழ்த்து எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் குழு அதைப் போட மறுத்துவிட்டது.

திங்கட்கிழமை இதழை மாட்டினார்கள். மறுநாள் யாரோ கழிப்பறைச் செய்தியை மட்டும் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க, அது ஊர் முழுக்கச் சுற்றியது. புதன்கிழமை காலை ஹெச்.எம். முதல் இரண்டு தாள்களைக் கழற்றினார். மூன்றாவது அங்கேயே இருந்தது. பள்ளிக்குப் பெருமை சேர்ப்பது என்று இறைவணக்கக் கூட்டத்தில் அதைப் பாராட்டியும் பேசினார்.

"யாரைக் கேட்டு இதை ஒட்டுனீங்க?"

"டீச்சர்ட்ட காட்டிட்டுத்தான் சார் ஒட்டுனோம்."

இந்தப் பதிலின் விளைவு தனியாக வந்தது, பின்னால் பார்ப்போம். ஆசிரியர் குழுத் தலைவியிடம் மன்னிப்புக் கடிதம் எழுதித் தா, இல்லையென்றால் அப்பாவை வரச்சொல்லி டி.சி. வாங்கிக்கொண்டு போ என்று சொல்லப்பட்டது. படம் வரைந்த எட்டாம் வகுப்பு மாணவனை இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹெச்.எம். கழற்றிய இரண்டு தாள்களையும் கழற்ற அவருக்குச் சட்டக் காரணம் இல்லை. பாராட்டி விட்டுவைத்த மூன்றாம் தாளைத்தான் அன்றைக்கே கழற்றியிருக்க வேண்டும்.

எந்தச் சட்டத்தின் கீழ்?

அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அதில் வயது வரம்பு இல்லை. பதினாறு வயது மாணவியும் குடிமகள்தான். அந்த உரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களை 19(2) எண்ணிச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்தைத் தூண்டுதல். 'பள்ளிக்குக் கெட்ட பெயர்' இந்தப் பட்டியலில் இல்லை.

பட்டியலில் உள்ள காரணம் ஒன்று பொருந்தினாலும் அது போதாது. கட்டுப்பாடு ஒரு சட்டத்தின் வழியாக வர வேண்டும். இதைப் பள்ளி மாணவர்கள் விஷயத்திலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்ற அந்த வழக்கில் 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, கல்வித் துறையின் சுற்றறிக்கைகளுக்குச் சட்ட வலு இல்லை, அவற்றைக் காட்டி அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. மாணவர் பேச்சு பற்றிய எந்த வாதத்துக்கும் நம் நாட்டில் இதுதான் அஸ்திவாரம். ஆகவே ஹெச்.எம்.மிடமோ சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்திடமோ கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி கழற்றினீர்கள்?" என்பதே. 'மேலிடத்து உத்தரவு' என்ற பதில் 1986-க்குப் பிறகு செல்லாது.

மாணவர்கள் இணையத்தில் தேடும்போது அமெரிக்கத் தீர்ப்புகள்தான் முதலில் கிடைக்கின்றன. கடிதத்தில் அவற்றையே எழுதிவிடுகிறார்கள். 1969-இன் டிங்கர் வழக்கு, வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டை கட்டிய மாணவர்களுக்குச் சாதகமானது. 1988-இன் ஹேசல்வுட் வழக்கு நேர் எதிர்: பள்ளி நடத்தும் இதழில், கல்வி நோக்கத்தோடு பொருந்தும் நியாயமான காரணம் இருந்தால் முதல்வர் பக்கங்களை நீக்கலாம் என்றது. முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டினால், எதிர்த்தரப்பு இரண்டாவதை எடுத்து வைக்கும். இரண்டும் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. பிஜோ இம்மானுவேல் கட்டுப்படுத்தும். அதையே எழுதுங்கள்.

ஹேசல்வுட்டில் உள்ள வாதம் இங்கேயும் எழும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பலகை பள்ளியுடையது, இதழ் பள்ளியின் பெயரில் வருகிறது, அதில் என்ன வரலாம் என்று பள்ளி சொல்லக் கூடாதா? சொல்லலாம். பக்க அளவு, மொழி நடை, பிழை திருத்தம், எந்த வகுப்புக்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் பள்ளியின் நிர்வாக எல்லைக்குள் வரும். ஆனால் விதி முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். புகழும் செய்தியை விட்டுவைத்துக் குறை சொல்லும் செய்தியை மட்டும் கழற்றினால் அது பலகையை நிர்வகிப்பது ஆகாது. கருத்தைப் பார்த்துத் தண்டிப்பதாகும்.

கழிப்பறைச் செய்தி அவதூறா?

இல்லை. ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான, போதுமான குடிநீரும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள நிபந்தனைகள். அது நிறைவேறவில்லை என்று எழுதுவது பொதுநலச் செய்தி. அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. பொது நன்மைக்காகச் சொல்லப்படும் உண்மை அதன் முதல் விதிவிலக்கு.

இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு தீர்ப்பு உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதியதை ஒரு தமிழ் வார இதழ் வெளியிடுவதைச் சிறைத் துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கியது. அவதூறு வருமோ என்ற அச்சத்தில் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் தரும் சட்டம் எதுவும் இல்லை. அரசு ஊழியரின் அலுவல் சார்ந்த செயல் பற்றி எழுதியதற்கு அவர் நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், எழுதியது பொய் என்பதோடு, உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும்.

ஆகவே மாணவ நிருபரின் பாதுகாப்பு அவர் செய்தி சேகரித்த விதத்தில் இருக்கிறது. இந்தக் குழு அந்த இடத்தில் கொஞ்சம் கோட்டை விட்டது. 'மதியத்துக்கு மேல் தண்ணீரே வருவதில்லை' என்று எழுதினார்கள்; எந்த நாள், எத்தனை மணி, எந்தக் குழாய் என்று குறிக்கவில்லை. 'நான்கு பூட்டிக் கிடக்கின்றன' என்பதற்குப் படம் இல்லை. தொடர்ந்து மூன்று பள்ளி நாள்கள், ஒவ்வொரு நாளும் காலை இடைவேளை, மதிய உணவு, கடைசி மணி ஆகிய மூன்று நேரங்களில் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதி, பார்த்த இருவர் கையெழுத்துப் போட்டால் போதும். படம் எடுத்தால் பூட்டும் குழாயும் மட்டும் தெரிய வேண்டும், பிள்ளைகள் யாரும் தெரியக் கூடாது. பிறகு ஹெச்.எம்.முக்கு ஒரு கடிதம்: "மோட்டார் எப்போதிலிருந்து பழுது, சரிசெய்ய என்ன நடவடிக்கை, உங்கள் பதிலை அப்படியே வெளியிடுகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் தரவும்." பதில் வந்தால் செய்தி முழுமை பெறும். வராவிட்டால் 'கேட்டோம், பதில் கிடைக்கவில்லை' என்று எழுதலாம். இந்த ஒரு கடிதம் இருந்திருந்தால், 'எங்களிடம் கேட்கவே இல்லை' என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

பராமரிப்புக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று தெரிய வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவில் பத்து ரூபாய்க்கு கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, 'மராமத்துக்கு வந்த தொகை, செலவுச் சீட்டுகளின் நகல்' என்று குறிப்பாகக் கேளுங்கள். 'ஏன் சரிசெய்யவில்லை?' என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் கிடைப்பது பதிவேட்டில் உள்ள தகவல், விளக்கம் கிடைக்காது. கெடு 30 நாள்.

கேலிப்படத்தில் பெயரும் இல்லை, பொய்யும் இல்லை. பி.டி. பீரியட் பறிபோவது பற்றிய கருத்து அது, அவ்வளவே.

மூன்றாம் தாள்

எல்லாரும் பாராட்டிய செய்தியில்தான் சட்டமீறல் இருந்தது. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 2(14)-ஆம் பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று விளக்குகிறது. திருமண வயதுக்கு முன் திருமணம் நடக்கும் ஆபத்தில் உள்ள குழந்தையும் அதில் அடக்கம். 1098-க்கு அழைப்பு போய்க் குழந்தைகள் நலக் குழு விசாரித்த விஷயம் இது. அப்படிப்பட்ட விசாரணை பற்றி எழுதும்போது பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. செய்தித்தாள், பத்திரிகை, செய்தித் தாள்சீட்டு மட்டுமல்ல, பிற தகவல் வடிவங்களும் அதில் வருகின்றன. சுவர் இதழ் தப்ப வழியில்லை. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'பள்ளி' என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருப்பதைக் கவனியுங்கள். பள்ளி இதழில் வரும்போது பள்ளி எது என்பது தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது. பெயரை விட்டுவிட்டு 'பத்தாம் வகுப்பு பி பிரிவு' என்றும் ஊரையும் போட்டால், அந்த வகுப்பில் யார் என்று மேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்துவிடும். அந்த மாணவியே சம்மதித்திருந்தாலும் அது போதாது. குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று எழுத்தில் காரணம் பதிந்து அனுமதிக்கும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கே உண்டு. திருமணத்தை ஏற்பாடு செய்த உறவினர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளை தினமும் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறாள். சட்டம் இந்த இடத்தில் கடுமையாக இருப்பதற்கு அதுவே காரணம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

இந்தச் செய்தியைக் கைவிட வேண்டியதில்லை. ஆளை எடுத்துவிட்டு விஷயத்தை எழுதலாம்: பெண்ணுக்குத் திருமண வயது 18, ஆணுக்கு 21, 1098 கட்டணமில்லா எண், எந்த நேரமும் அழைக்கலாம், தோழிக்காகவும் நீங்கள் அழைக்கலாம். மற்ற மாணவிகளுக்கு வேண்டியது இந்தத் தகவல்தான்.

குருபூஜை வாழ்த்து

எதைப் போடுவது, எதை விடுவது என்பது ஆசிரியர் குழுவின் உரிமை. மறுத்ததில் தவறில்லை. 'எந்தச் சமுதாயத்தின் விழா வாழ்த்தும் இந்த இதழில் வராது' என்ற ஒரு வரி விதி முன்பே பலகையில் இருந்திருந்தால் பாரபட்சம் என்ற குற்றச்சாட்டு எழுந்திருக்காது. தென்மாவட்டங்களில் இந்த எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தனிச் சட்டம் இயற்றவும் சொன்னது. டிங்கர் வழக்கின் கறுப்புப் பட்டையையும் இங்கே மணிக்கட்டில் கட்டும் கயிற்றையும் ஒன்றாக வைத்து வாதிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. ஒன்று போரைப் பற்றிய கருத்து, மற்றொன்று பக்கத்து பெஞ்சுக்காரன் யார் என்று பிரிக்கும் குறி. ஆனாலும் பிஜோ இம்மானுவேல் விதி இங்கேயும் பொருந்தும்: கயிற்றைத் தடுக்க அரசு விரும்பினால் சுற்றறிக்கையோடு நின்றுவிடக் கூடாது, சட்டம் இயற்ற வேண்டும்.

தண்டனைகள்

எட்டாம் வகுப்பு மாணவன் விஷயம் எளிது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சலையும் தடைசெய்கிறது. வெளியே நிற்க வைத்தவர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம். எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்பது 16-ஆம் பிரிவு.

பிளஸ் ஒன் மாணவிக்கு இந்தக் கவசம் இல்லை. அந்தச் சட்டம் 14 வயதோடு நிற்கிறது. அங்கே இயற்கை நீதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், விளக்கம் சொல்ல வாய்ப்பு வேண்டும், காரணம் சொல்லும் உத்தரவு வேண்டும். நடைமுறையில் இது இப்படி நடப்பதில்லை. அப்பாவை வரச்சொல்லி, 'நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்துட்டா கண்டக்ட் நல்லதா போட்டுத் தர்றோம்' என்பார்கள். பெற்றோர் பயந்து கையெழுத்துப் போட்ட நிமிடத்தில், நீக்கம் என்பது விருப்ப விலகலாக மாறி, கேள்வி கேட்க எதுவும் மிச்சமில்லாமல் போகிறது. அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது. மன்னிப்புக் கடிதமும் அப்படித்தான். 'தவறான செய்தி வெளியிட்டேன்' என்ற வாசகம் பின்னால் அவதூறு வழக்கில் ஒப்புதலாக நிற்கும்.

'போலீஸில் புகார் கொடுப்பேன்' என்ற மிரட்டலுக்கு: அவதூறு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியும் குற்றம் அன்று. பாதிக்கப்பட்டவர் நடுவர் மன்றத்தில் முறையிட வேண்டும். 18 வயதுக்குக் கீழுள்ளவர் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

'டீச்சர்ட்ட காட்டிட்டுத்தான்' என்ற அந்தப் பதிலின் விளைவாகத் தமிழாசிரியைக்கு 17(பி) மெமோ (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பு) வந்தது. இந்த நிகழ்வில் மிகவும் பலவீனமான கண்ணி அவர்தான். அரசு ஊழியராகத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-க்குக் கட்டுப்பட்டவர். அரசை விமர்சிப்பதிலும் பத்திரிகைத் தொடர்பிலும் அவருக்கு உள்ள தடைகள் மாணவர்களுக்கு இல்லை. பொறுப்பாசிரியர் செய்தி எழுதக் கூடாது, அலுவலகத் தகவல் தரக் கூடாது. பிழை திருத்தம், பிள்ளைகளின் அடையாளம் வெளிப்படுகிறதா என்ற பார்வை, இந்த இரண்டோடு அவர் வேலை முடிய வேண்டும். அதை ஹெச்.எம். எழுத்தில் ஒப்படைத்த பணியாக வைத்துக்கொண்டால், மெமோவுக்குப் பதில் எழுத ஒரு தாளாவது கையில் இருக்கும்.

பதிவு வேண்டுமா?

1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2023, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குறித்த இடைவெளியில் அச்சிட்டு வெளியாகும், பொதுச் செய்தி தாங்கிய இதழ்களுக்கு அது. ஒரே பிரதியாகக் கையால் எழுதி மாட்டும் சுவர் இதழுக்குப் பதிவு வேண்டாம். அச்சகத்தில் கொடுத்து மாதாமாதம் ஊருக்கு விநியோகிக்க நினைத்தால் கதை வேறு. வயது வந்த ஒருவர் வெளியீட்டாளராகப் பொறுப்பேற்று, முதலில் பதிவை முடிக்க வேண்டும்.

கழற்றிய பிறகு

தாள்களை மாட்டும்போதே படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். கழற்றியது திரும்பக் கிடைக்காது. அடுத்து, பெற்றோர் கையெழுத்துடன் ஹெச்.எம்.முக்குக் கடிதம்: என்று, எந்தத் தாள், எந்தச் சட்டப் பிரிவின்படி, எழுத்தில் பதில் வேண்டும். நகலில் பள்ளி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகல் சி.இ.ஓ.வுக்கு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் கழிப்பறையைப் பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டால், செய்தி உண்மை என்பதற்கு அதுவே பள்ளியின் ஆவணமாகிவிடும். எட்டாம் வகுப்பு மாணவனுக்காக மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மனு அனுப்பலாம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2004 ஜூலையிலிருந்து இயங்குவதால் இந்தப் பக்கத்து ஆள்கள் சென்னைக்கு அலைய வேண்டாம். மாணவி மைனர் என்பதால் தந்தையோ தாயோ அவர் சார்பில் மனுதாரர். இங்கேதான் பலர் தடுக்கிவிழுகிறார்கள்: உத்தரவை ரத்து செய்யக் கோரும் ரிட் மனுவுக்கு ரத்து செய்ய ஓர் உத்தரவு வேண்டும். ஹெச்.எம். வாயால் சொன்னதை வைத்து மனுப் போட்டால், 'அப்படி உத்தரவே போடவில்லை' என்று அரசு வழக்கறிஞர் முதல் விசாரணையிலேயே சொல்லிவிடுவார். முன்னே அனுப்பிய கடிதமும் ஒப்புகையும் அதற்குத்தான். பதில் வந்தால் அதை எதிர்க்கலாம். வராவிட்டால் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று கேட்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் வெள்ளைத் தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100.

இதே சம்பவம் தனியார் மெட்ரிக் பள்ளியில் நடந்தால் வழி சற்றுக் கரடுமுரடு. அடிப்படை உரிமைகள் முதன்மையாக அரசுக்கு எதிரானவை. 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வின் பெரும்பான்மை, அரசியலமைப்பின் 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் கோரலாம் என்றது. கல்வி தருவது பொதுக் கடமை என்பதால் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் தனியார் பள்ளி மீதும் ரிட் போட இடமுண்டு. ஆனாலும் அங்கே மனுவின் முதல் பத்தியில் பேச்சுரிமையை வைக்காமல், கல்வி உரிமைச் சட்டத்தின் 16, 17 பிரிவுகளையும் விசாரணையின்றி டி.சி. தந்ததையும் முன்னே வைத்து எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.